வளைவில் சாயும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: சஸ்பென்ஷன் கேள்வி பதில்

இந்த இதழில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களை உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே இடத்தில் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) இருக்குதுங்க. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ரொம்பச் சாயுது. மேடு பள்ளம் வந்தால் முன்பக்கம் குலுங்கிக்கொண்டே போகுது. ஒரு அங்குலம் இறக்கும் ஸ்பிரிங், டியூப் (குழாய் வடிவ) ஷாக், பாலியூரித்தேன் புஷ், தடித்த ஆன்டி ரோல் பார் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா? – வாசகர், இராமநாதபுரம், கோவை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். சாய்வைக் கட்டுப்படுத்துவது ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பியான ஆன்டி ரோல் பாரும். குலுங்கலை அடக்குவது ஷாக். ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் இரண்டுக்குமே முதல் காரணம் தேய்மானமாகத்தான் இருக்கும். தேய்ந்த கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சுத்தண்டு) மேலும் கிழிந்த புஷ் (மூட்டுகளில் வரும் ரப்பர் உறை) மேலும் விலை உயர்ந்த கிட்டைப் போட்டால், கடினமான ஸ்பிரிங் அந்தத் தேய்மானத்தை இன்னும் வேகமாகப் பெரிதாக்கும். சாய்வு கொஞ்சம் குறைந்தாலும் ஸ்டியரிங் எங்கே போகிறதென்று தெரியாது.

முதலில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். எம்ஜிபியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. சக்கரம் தரையை விட்டுத் தூக்கியிருக்கும்போதே கிரீஸ் அடியுங்கள். எடை தாங்கியிருந்தால் தேய்கிற பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள். மூன்றில் ஒன்றுக்குப் போகாமல் இருந்தாலே அந்தப் பக்கம் சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது ஷாக். எம்ஜிபியின் முன் ஷாக் நெம்புகோல் வகை. அதன் கைதான் மேல் விஷ்போனாகவும் (சக்கரத்தைத் தாங்கும் கை) வேலை செய்கிறது. அதனால் ஷாக்கின் தண்டு தேய்ந்தால் அடக்குவது மட்டுமல்ல, சக்கரத்தின் சாய்கோணமே வளைவுக்கு வளைவு மாறும். தண்டு ஓரம் எண்ணெய் கசிந்திருந்தால் எண்ணெய் ஊற்றிச் சமாளிக்காமல் புதுப் புஷ் போட்டுச் சீர்செய்த ஷாக்கை வாங்குங்கள். பின் ஷாக்கைச் சோதிப்பது சுலபம். லிங்க்கை (இணைப்புக் கம்பி) கழற்றிவிட்டு ஷாக்கின் கையை மேலும் கீழும் முழுத்தூரம் தள்ளுங்கள். போகும்போதும் வரும்போதும் சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஓடினால் எண்ணெய் குறைவு அல்லது உள்ளே காற்று.

இதெல்லாம் சரியென்றால் புஷ். கீழ் விஷ்போனில் பழைய ரப்பர் புஷ் இரண்டு பாதிகளாக, மொத்தம் எட்டுத் துண்டுகளாக இருக்கும். அதற்குப் பதிலாக எம்ஜிபி ஜிடி வி8 வண்டிக்கு வந்த, உள்ளே இரும்புக் குழாய் வைத்த புஷ் நான்கு போடுங்கள். எங்கள் கருத்தில் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். சத்தம் வராது, கிரீஸ் கேட்காது, பக்கவாட்டு அசைவு தெரியும்படி குறையும். பாலியூரித்தேனும் நல்லதே. ஆனால் அது ரப்பரைப் போல முறுக்கிக்கொள்ளாமல் பின்னின் மேல் சுழலும் பொருள். சிலிக்கான் கிரீஸ் தடவாமல் போட்டால் கீச்சிடும். லேத் பட்டறையில் நைலானில் கடைந்து தருவார்கள், அது வேண்டாம். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மழைக்காலத்தில் விஷ்போன் இறுகி நின்றுவிடும்.

வேலை செய்யும்போது கவனம் ஒரே இடத்தில் வேண்டும். சுருட்டிய ஸ்பிரிங்கில் அடங்கிய விசை ஆளைக் கொல்லும். ஸ்பிரிங் தட்டின் கீழ் ஜாக்கியைக் கொடுத்து, தட்டின் போல்ட்களில் எதிரெதிர் இரண்டை எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளில் நீளமான, உயர்வலு போல்ட்டைப் போடுங்கள். மற்ற போல்ட்களைக் கழற்றிவிட்டு இரண்டு நட்டையும் மாறி மாறித் தளர்த்தி, ஸ்பிரிங் முழுதும் தளரும் வரை தட்டை இறக்குங்கள். வண்டியில் இருப்பது யுஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு மரை. ஹார்டுவேர் கடையின் சாதாரணத் திருகுக் கம்பியும் மில்லிமீட்டர் நட்டும் இதற்கு ஆகாது. மறுபடி மாட்டும்போது விஷ்போன் பின் நட்டை லேசாக மட்டும் பிடித்துவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அமுக்கி உட்கார வைத்த பிறகே முழுதாக முறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே வேலை செய்து சில மாதத்தில் கிழிந்துவிடும். புதுப் புஷ் நிற்கவில்லை என்று வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இவ்வளவும் செய்த பிறகும் சாய்வு அதிகமென்றால் முன் பாரை மாற்றலாம். கம்பியின் முறுக்கு வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பதை மனத்தில் வையுங்கள். உங்கள் வண்டியின் பழைய பார் 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ. அதை 5/8 ஆக்கினால் வலு ஒன்றரை மடங்கு. 3/4 ஆக்கினால் மூன்று மடங்குக்கு மேல். கிட்களில் வரும் 7/8 பார் கிட்டத்தட்ட ஆறு மடங்கு! பார்வைக்குச் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பழைய ஸ்பிரிங்கோடு வால்பாறைச் சாலைக்கு 5/8 போதும், 3/4 உச்சம். அதற்கு மேல் போனால் முன் சக்கரம் பிடி விட்டு வளைவில் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பின்பக்கம் பார் போடாதீர்கள். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் அமைப்பு) இல்லாத, இரு பின் சக்கரமும் ஒரே முழு அச்சில் உள்ள வண்டியில் பின் பார் உள்சக்கரத்தின் எடையைக் குறைக்கும். ஏற்றமான கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் அந்தச் சக்கரம் வெறுமனே சுழலும்.

இறக்கும் ஸ்பிரிங்கை ஏன் வேண்டாம் என்கிறோம்? சாலை விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். எம்ஜிபியின் இரு அச்சுகளுக்கு இடையே 2.31 மீட்டர். கணக்குப் போட்டால் அந்தத் தடை வண்டியின் வயிற்றுக்குக் கீழே 4 செ.மீ. மட்டுமே எழும். ஆனால் ஊர் எல்லைகளில் ஒரு மீட்டர் அகலத்தில் குறுகலாகக் கட்டிய தடை முழு 10 செ.மீ.யும் சைலன்சருக்குக் கீழே வரும். அங்கே ஒரு அங்குலம் பெரிய விஷயம். இன்னொன்று, முன்பக்கத்தை இறக்கும்போது விஷ்போன்களின் கோணம் மாறி, சாய்வின் மையம் உடல் இறங்குவதைவிட அதிகமாகக் கீழே போகிறது. இறக்கியதால் வரும் லாபத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ஆழியாறு சாலையில் ஓட்டிப் பாருங்கள். நான்கையும் சேர்த்து மாட்டினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: எனது எம்ஜிபி 1976, கறுப்பு ரப்பர் பம்பர். இதற்கும் இறக்க வேண்டாம் என்பீர்களா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் வண்டிக்கு விடை மாறும். அமெரிக்காவின் பம்பர் உயரச் சட்டத்துக்காக 1974-இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது வண்டியை ஒரு அங்குலம் உயர்த்தினார்கள். செலவைக் குறைக்க முன் ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். 1977-இல்தான் முன்னும் பின்னும் பார் வந்தது. இடைப்பட்ட வண்டிகள்தான் அதிகம் சாய்பவை. ஆகவே முதலில் முன் பாரைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது நியாயமான வேலை. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து இறக்குவது மலிவான வழி. அதற்கேற்ற நீள யூ போல்ட் வேண்டும். கட்டையின் உயரம் கூடக்கூட அச்சு முறுக்கிக்கொள்வதும் கூடும் என்பதால் ஒரு அங்குலத்துக்கு மேல் கட்டை வைக்காதீர்கள். பின் அச்சு கீழே தொங்காமல் பிடிக்கும் ரப்பர் வார் அறுந்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அது இல்லாவிட்டால் ஷாக்கின் கை எல்லை தாண்டி இழுபட்டு உடையும்.

கேள்வி: பின் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டது. நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, செட் ஏற்றித் (பழைய வளைவுக்குக் கொண்டுவந்து) தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: நாமக்கல் பட்டறைக்காரர்களுக்குப் பட்டையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கை பழகியது பல டன் சுமக்கும் வண்டிக்கு. உங்கள் கார் ஆளோடு சேர்த்தே ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். பட்டையின் வலு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் அந்தப் பட்டையின் வலு ஏறக்குறைய 1.6 மடங்கு. 12 மி.மீ. லாரிப் பட்டை ஒன்று எட்டு மடங்கு. அதை உங்கள் அடுக்கில் சேர்த்தால் பின்பக்கம் துள்ளும், மழையில் வால் வீசும். அதே தடிமனில் ஒன்று சேர்த்தால்கூட ஐந்து பட்டை அடுக்கில் சுமார் 20 சதவீதம் கடினமாகும்.

செட் ஏற்றுவதென்றால் எப்படி ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். கேஸ் வைத்துச் சிவக்கச் சூடாக்கி வளைத்துவிட்டு அப்படியே ஆறவிட்டால் எஃகின் பதம் போய்விடும். சில வாரத்தில் மறுபடி உட்காரும், அல்லது நடுப் போல்ட் ஓட்டையில் விரிசல் விடும். சூடாக்கினால் எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதமிறக்க வேண்டும். அந்த உலை இல்லாத இடத்தில் குளிர்ந்த நிலையில் அடித்து ஏற்றுவது மேல். அது கொஞ்ச காலம்தான் நிற்கும். இஎன் 45 எனப்படும் ஸ்பிரிங் எஃகில் அதே தடிமன், அதே எண்ணிக்கையில் புது அடுக்கு செய்து வாங்குவதே நிலையான வழி. பழைய அடுக்கை மாதிரிக்குக் கொடுக்கும்போது உட்கார்ந்த வளைவை அளக்க விடாதீர்கள். வண்டியின் கையேட்டிலுள்ள அளவைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். யூ போல்ட் நட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கிறேன். திம்பம் இறக்கத்தில் வளைவு நடுவே ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வீசுதுங்க. பின் ஸ்பிரிங்கை வலுவாக்கினால் நிற்குமா? – வாசகர், சத்தியமங்கலம்

பதில்: நிற்காது, கூடும். மேலே பார்த்த எம்ஜிபியின் சாய்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஹெரால்டின் பின் அச்சு அமைப்போடு பிறந்த குணம். என்ஜின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் பக்கத்திலிருக்கும் ஜாயின்ட்டைச் சுற்றித்தான் ஒவ்வொரு பின் சக்கரமும் ஊசலாடுகிறது. வளைவில் காலை எடுத்ததும் எடை முன்னே போகிறது, பின் உடல் எழுகிறது. வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி, டயர் அதன் ஓரத்தில் நிற்கிறது. பிடி அந்த நொடியில் போகிறது. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்பு, இதே வியாதி. இங்கே ஹெரால்டுக்குப் பின்னால் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் முழு அச்சாகவே மாற்றிவிட்டார்கள்.

இந்த வண்டியில் பின் ஸ்பிரிங் பட்டை குறுக்கே இருக்கும். அதைப் புதிதாகச் செட் ஏற்றிப் போடுவது ஆபத்தானது. உயரமாக உட்கார்ந்தால் சக்கரங்களின் மேற்பக்கம் வெளியே சாய்ந்து நிற்கும். மடங்குவதற்கு அதுவே பாதி வழி. முன்னால் இருவர் அமர்ந்திருக்கும்போது பின் சக்கரங்கள் நேராகவோ, மேற்பக்கம் ஒரு துளி உள்ளே சாய்ந்தோ இருக்க வேண்டும். சரியான தீர்வு, 1970-இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-க்கு வந்த ஊசல் ஸ்பிரிங். அதில் ஒரு பட்டை மட்டும் பெட்டியோடு இறுகியிருக்கும், மற்றவை நடுவில் அசையும். வண்டி சாயும்போது பின்பக்கம் எதிர்க்காது, அதனால் உடலைத் தூக்காது. எதிர்ப்பு முழுக்க முன்னால் போக வேண்டும் என்பதால் ட்ரையம்ப் அதோடு முன் பாரையும் தடிப்பாக்கியது. ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் பாரை விட்டுவிட்டால் வண்டி படகாக ஆடும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு மருந்து. அதுவரை இறக்கத்தில் வளைவுக்கு முன்பே கியர் குறைத்து, வேகம் குறைத்து, வளைவுக்குள் லேசான ஆக்சிலேட்டரோடு போங்கள்.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதையும் சேர்த்துச் சொல்கிறோம். முன் சக்கரத்தின் கீழேயுள்ள ட்ரனியனுக்கு (செங்குத்துத் தண்டு மரையில் திரும்பும் கீழ் மூட்டு) கிரீஸ் அடிக்காதீர்கள். இபி 90 கியர் ஆயில் ஊற்றுங்கள். கிரீஸ் அந்த மரைக்குள் முழுதாகப் பரவாது. உள்ளே தண்ணீர் நின்று செங்குத்துத் தண்டு துருப்பிடித்து, ஒருநாள் மரை ஆரம்பிக்கும் இடத்தில் ஒடியும். சக்கரம் மடங்கி விழும். அடைப்பானை எடுத்து நிப்பிள் மாட்டி, எண்ணெய் நிரப்பிய கிரீஸ் கன் கருவியால் மேலே கசியும் வரை தள்ளுங்கள். கழற்ற நேர்ந்தால் இடது வலது மாற்றிப் போடாதீர்கள். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை.

கேள்வி: நெம்புகோல் ஷாக்கில் கனமான எண்ணெய் ஊற்றினால் டியூப் ஷாக் செலவு மிச்சமாகுமா? – வாசகர், கரூர்

பதில்: மிச்சமாகாது. கனமான எண்ணெய் அமுங்குவதையும் எழுவதையும் சேர்த்தே கடினமாக்கும். உங்களுக்கு வேண்டியது எழுவதை அடக்குவது மட்டும். அதற்கு வால்வைத்தான் மாற்ற வேண்டும். கரூர் வெயிலில் பரவாயில்லை என்று தோன்றும் எண்ணெய் ஊட்டி விடியற்காலையில் கல்லாக இருக்கும். 20 கிரேடு ஷாக் எண்ணெய் போதும். என்ஜின் ஆயில், பிரேக் ஆயில் வேண்டாம். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்து ஊதிவிடுங்கள். ஒரு மணல் துகள் வால்வில் உட்கார்ந்தால் ஷாக் போச்சு. கையை முழுத்தூரம் ஆட்டிக்கொண்டே, நிரப்பும் துளையின் அடிவரை மட்டும் நிரப்புங்கள். எண்ணெய் சூட்டில் விரிய இடம் வேண்டும்.

கேள்வி: எம்ஜிபிக்கு அகலமான டயர் போட்டால் பிடி கூடுமா? – வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் இப்போதுள்ள டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டிய டயரில் பட்டன் (தரையைத் தொடும் பள்ளக் கோலம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேயாமலே கிழடாகிவிடும்.

165/80 ஆர் 14 நம் ஊரில் சிறிய கார்களுக்கு வரும் அளவு, கடையில் கிடைக்கும். எம்ஜிபிக்கு அதுவே பொருத்தம். 185/70 போடலாம், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் கனக்கும். கம்பிச் சக்கரம் என்றால் டியூப் கட்டாயம். காற்றில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கையேடு ரேடியல் டயருக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ என்கிறது. பங்க்கில் கேட்காமலே நாலு சக்கரத்துக்கும் 32 அடித்துவிட்டால் வண்டி கல் மேல் போவதுபோல் துள்ளும், உரிமையாளர் ஷாக்கைக் குறை சொல்வார். இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டலாம், முன்னைவிடப் பின்னால் கூடுதல் என்ற வித்தியாசத்தை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: விஏ எண் (விண்டேஜ் வண்டிக்கான பதிவு எண்) வாங்க நினைக்கிறேன். சஸ்பென்ஷன் மாற்றம் தடையாகுமா? – வாசகர், ஈரோடு

பதில்: 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புஷ், ஷாக், பார் எல்லாம் போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியவை. சேஸியை வெட்டி, வெல்டிங் வைத்துப் புதுத் தாங்கி பொருத்தும் கிட்களைத் தவிருங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பெயர் எழுதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: எல்லாம் மாற்றி முடித்தாயிற்று. அலைன்மென்ட் கடையில் கணினியில் எம்ஜிபி இல்லை என்கிறார்கள். என்ன அளவு கொடுப்பது? – வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: டோ இன் (முன் சக்கரங்களின் முன் ஓரம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 1/16 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.6 முதல் 2.4 மி.மீ. இந்த வண்டியில் நேரடியாகத் திருகி மாற்றக்கூடியது இது ஒன்றுதான். காஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) 7 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் சாய்கோணம்) ஒரு டிகிரி பாசிட்டிவ், அதாவது மேற்பக்கம் வெளியே சாய்ந்து வர வேண்டும். இவற்றுக்குத் திருகு கிடையாது. இந்த இரண்டும் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பெரிதாக வேறுபட்டால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் டோவை மட்டும் சரிசெய்து அனுப்ப விடாதீர்கள். அளக்கும் முன் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சில அடி முன்னே உருட்டி நிறுத்தச் சொல்லுங்கள். டை ராட் இரண்டு பக்கமும் சம அளவில் திருப்ப வேண்டும். ஒரே பக்கம் திருப்பினால் ஸ்டியரிங் ராக் நடுவை விட்டு நகர்ந்து, வலது வளைவுக்கும் இடது வளைவுக்கும் சக்கரம் வெவ்வேறு அளவு திரும்பும்.